நட்சத்திரக் கூட்டத்துக்கு நான் வரைந்த கை

1. ஒரு சிரிப்பு

நரசிம்மன் சார் எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கவுண்டரில் நின்றுகொண்டு, கையில் இருந்த என்லார்ஜ்மென்ட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே ரீடச்சிங் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்த எனக்கு, வந்தவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று மனசு குளிர்ந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் பென்சில் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"பாய், இருக்கு பாருங்கோ! ரெண்டாவது கை இருக்கு! எல்லாரும் ஒத்தைக் கைதான்னு எழுதி வச்சிருக்கா. எக்ஸ்போஷர் போதலை, அதான் தெரியலைன்னு எனக்கு ஒரு சந்தேகம். இங்க பாருங்கோ, என்னமா வளைஞ்சு வரது!"

அந்த ரெண்டாவது கையை வரைந்தவன் நான்.

2. என் வேலை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரீடச்சிங் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். வீடு பெங்களூர் ஒக்கலிபுரம். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். ஐம்பதுகளில் தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கம் கரீம் பாய் நடத்திய ஸ்டூடியோவில் ரீடச்சராக இருந்தேன். தினமும் சைக்கிளில் போய் வருவேன். அப்போதெல்லாம் ஃபிலிமோடு கண்ணாடி பிளேட்டிலும் படம் எடுப்போம். பிளேட்டை டெவலப் பண்ணிக் கழுவி எடுத்தால் நெகடிவ். அதில் வெள்ளை கறுப்பாகத் தெரியும், கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அதன் மேல் மீடியம் என்று ஒரு பிசின் தைலத்தைப் பஞ்சால் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, முகத்துச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமை எல்லாவற்றையும் நிரப்புவோம். பென்சில் பட்ட இடம் பிரிண்ட்டில் வெளுப்பாக விழும். இதற்கு நேர்மாறு கத்தி. நெகடிவில் வேண்டாத கறுப்புப் புள்ளி இருந்தால் சின்னக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவோம்.

பென்சில் வேலை சரியில்லை என்றால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கத்தி போட்டது போட்டதுதான், திரும்ப வராது. இந்த இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டாளத்துக் குரூப் போட்டோ. ஒரு பிளேட்டில் எண்பது பேர் நிற்பார்கள். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. அதில் கண்ணைத் திறந்து, மீசையை எடுத்துக்காட்டி, வெயிலில் கறுத்த கன்னத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பேன். இன்னொன்று சாமி படம். கோயில்களில் எடுத்துக்கொண்டு வருவார்கள். பழைய கல் விக்ரகத்தில் விரல் உடைந்திருக்கும், சங்கின் நுனி போயிருக்கும். பின்னமான சாமியை யாரும் பூஜையில் மாட்ட மாட்டார்கள். அதனால் உடைந்த விரலை வளர்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். அதைப் பக்தியோடு செய்வேன். பென்சிலைத் தொடுமுன் "முருகா" என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வேன்.

பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கவுண்டரில் வாங்குகிற எந்த நெகடிவும் என் டெஸ்க்கைத் தாண்டாமல், படத்தைப் பெரிசாக்குகிற என்லார்ஜருக்குப் போகக் கூடாது. "நம்ம கடை படத்துல மூஞ்சி பழமாட்டம் இருக்கணும் தணிகா" என்பார். கஸ்டமரைக் கேட்கிற பேச்சே இல்லை. யாராவது வந்து, எனக்கு அழகு வேண்டாம் என்று சொல்லுவார்களா?

3. பருப்பு அளவு சாமான்

நரசிம்மன் சார் காலேஜில் பிஸிக்ஸ் லெக்சரர். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். காலேஜ் குரூப் போட்டோ எல்லாம் எங்களிடம்தான் கொடுப்பார்.

அந்த வருஷம் அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, மலை மேல் இருக்கிற ஒரு டெலஸ்கோப்பில் சில நாள் படம் எடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நாலு நாள் மேகம். ஐந்தாவது நாள்தான் வானம் விட்டிருக்கிறது. ஒரே ஒரு பிளேட். அதை அங்கேயே டெவலப் பண்ணி, பஞ்சில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் பெங்களூர் வந்து சேர்ந்தார். காலேஜில் நல்ல என்லார்ஜர் இல்லை. அதனால் நேராக எங்கள் கடைக்கு வந்து பாயிடம் கொடுத்து, "பெரிசு பண்ணிக் குடுங்கோ, மூணு காப்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிருத்திகை. நான் கோயிலுக்குப் போய்விட்டு லேட்டாக வந்தேன். அவர் வந்ததும் தெரியாது, பிளேட் எதனுடையது என்றும் தெரியாது. டெஸ்க் மேல் கவர் இருந்தது. பாய் கையெழுத்தில் "பெரிய சைஸ், 3, அர்ஜென்ட்" என்று மட்டும் எழுதியிருந்தது.

பிளேட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முகம் இல்லை. தெளிந்த கண்ணாடியில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். நடுவில் துவரம்பருப்பு அளவு ஒரு சாம்பல் நிறச் சாமான். லென்ஸ் வைத்துப் பார்த்தால், குறுக்கே ஒரு பட்டை. பட்டையின் ஒரு முனையிலிருந்து அழகாக ஒரு கை புறப்பட்டு வளைந்து சுற்றிப் போகிறது. அந்தப் பக்கத்து முனையில் சும்மா ஒரு மொட்டை.

எனக்கு இரண்டு நினைப்பு வந்தது. சங்கோ சக்கரமோ, ஏதோ சாமி சம்பந்தப்பட்டது என்பது ஒன்று. டெவலப் பண்ணும்போது தட்டை ஒழுங்காக ஆட்டவில்லை, மருந்து ஒரு பக்கம் ஓடவில்லை, அதனால்தான் அந்தப் பக்கத்துக் கை வரவில்லை என்பது இன்னொன்று. அப்படி ஆகிற பிளேட் வாரத்துக்கு இரண்டு வரும். எந்தக் கத்துக்குட்டி கழுவினானோ என்று அலுத்துக்கொண்டே மீடியம் தடவினேன். "முருகா" என்றேன். இந்தப் பக்கத்துக் கையைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கையை வைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

4. சொல்லிவிட்டேன்

இப்போது கவுண்டருக்கு வருகிறேன்.

நரசிம்மன் சார் சிரித்து முடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்தார். வெளிநாட்டில் இதே விஷயத்தை ஆராய்கிற ஒரு பெரியவருக்கு எழுதிய கடிதமாம். இந்தப் படத்தையும் உள்ளே வைத்து, போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்கும் தெரியாது. அவருக்கும் சந்தோஷம், பாய்க்கும் சந்தோஷம். ஆனால் அவர் பாயிடம், இருபது வருஷமாக இதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன் என்று சொன்னார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கவுண்டருக்குப் போனேன்.

"சார், அந்த ரெண்டாவது கை நான் போட்டது சார்."

"போட்டதுன்னா?"

"வரைஞ்சது சார். பென்சில்ல."

அவருக்குப் புரியவில்லை. பாய்க்குப் புரிந்துவிட்டது.

"அரே தணிகா, இன்னாப்பா சொல்ற? ஆகாசத்துக்கே பவுடர் போட்டுட்டியா நீ?"

"மருந்து ஒரு பக்கம் ஓடலைன்னு நெனச்சேன் பாய். பாதியில நின்ன மாதிரி இருந்துச்சு. பின்னமா இருக்கேன்னு..."

"பின்னமா?" என்றார் நரசிம்மன் சார்.

"சாமி படம்னு நெனச்சுட்டேன் சார்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடிதக் கவர் மடியில் கிடந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நாலு மணி நேரம் ஓய்" என்றார். "குளிர்ல வெறச்சுப் போய், டெலஸ்கோப்பை விட்டு நகராம நின்னேன். இத்தனை கூட்டத்துல இது ஒண்ணுக்கு மட்டும் கை கொறச்சலா இருக்கே, நெஜமாவே இல்லையா, இருந்தும் நமக்குத் தெரியலையான்னு பார்க்கத்தான் நான் போனதே. அந்த எடத்துல போய் நீர் பென்சில் வச்சிருக்கீர்."

பாய் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எண்பது பட்டாளத்தான் மூஞ்சியில கை வச்ச, ஒருத்தன் கேக்கல. இப்ப மாட்டுன பாரு."

5. டர்பன்டைன்

"சார், பென்சில் போயிரும் சார். தொடைச்சா போயிரும்" என்றேன்.

"என் எதிர்லயே தொடையும்."

பிளேட்டை டெஸ்க்கில் வைத்தேன். புதுப் பஞ்சு எடுத்தேன். டர்பன்டைனில் தோய்த்து, பிழிந்து, ஒரே பக்கமாக மெல்ல இழுத்தேன். சார் என் தோளுக்கு மேல் குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. இரண்டு இழுப்பில் மீடியம் கரைந்தது. நான் வைத்த கை மங்கி, சிதறி, பஞ்சில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே பழைய மொட்டை முனை அப்படியே இருந்தது. இந்தப் பக்கத்துக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"யா அல்லா" என்று பாய் பெருமூச்சு விட்டார்.

பிளேட் உலருகிற நேரத்தில்தான் சார் எனக்கு அது என்ன என்று சொன்னார். நம் சூரியனும் நாம் பார்க்கிற நட்சத்திரங்களும் சேர்ந்து ஒரு கூட்டம். அது மாதிரி வெகு தூரத்தில் இன்னொரு கூட்டம் இது. சில கூட்டங்களுக்கு நடுவில் பட்டை மாதிரி இருக்கும், பட்டையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கை சுழன்று போகும். இதற்கு ஒன்றுதான் தெரிகிறது. நான் கைகூப்பிவிட்டேன். அத்தனை கோடி சூரியனைத் துவரம்பருப்பு அளவில் என் டெஸ்க்கில் வைத்துக்கொண்டு, கத்துக்குட்டி கழுவினது என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

உலர்ந்த பிளேட்டை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "வேற ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கத்தி ஞாபகம் வந்தது.

கையை வரைந்து முடித்த பிறகு, அந்த மொட்டை முனைக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் புள்ளிகளில் ஒன்று கண்ணை உறுத்தியது. கத்தியை எடுத்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் பாய் கூப்பிட்டார், எழுந்து போனேன். போவதற்கு முன்னால் சுரண்டினேனா, சுரண்டாமல் போனேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. பதினைந்து வருஷமாகப் புள்ளியைக் கண்டால் சுரண்டின கை. அது என்னைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

அதையும் சொன்னேன். சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிளேட்டை மூன்று பேரும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். அந்த முனைக்குப் பக்கத்தில் புள்ளிகள் இருந்தன, ஆனால் நான் கத்தி எடுத்தது அதில் ஒன்றுக்கா, காணாமல் போன வேறொன்றுக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கத்தி பட்ட இடம் மினுக்கம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஒரு இடத்தில் அப்படி இருந்த மாதிரியும் இருந்தது. டர்பன்டைன் தடமாகவும் இருக்கலாம். நான் கத்தி போட்டால் போட்ட இடம் தெரியாது என்று பாய் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமை அன்றைக்கு எனக்கு எமனாக வந்தது.

"தொடறதுக்கு முன்னாடி ஒரு காப்பியாவது போட்டு வச்சீரா?"

"இல்ல சார்."

சார் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப இதை அனுப்ப மாட்டேன். அந்த மொனையில ஒரு புள்ளி கொறஞ்சாலும் அதுக்கு அர்த்தமே வேற. அஸ்தம் நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கற சாமான் ஓய் இது. மழை ஆரம்பிச்சாச்சு. மழை விடறதுக்குள்ள இது சூரியன் பக்கம் போய் மறைஞ்சுடும். இனிமே அடுத்த மாசியிலதான். அதுவும் அவா திரும்ப அனுமதி குடுத்தா."

என் மேல் கோபித்துக்கொள்ளவே இல்லை. நீர் சொல்லாம இருந்திருந்தா என் பேரு போயிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

6. ஒரு வருஷம்

பாய் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஒரு கல்யாண ஜோடி நெகடிவைக் கொண்டுவந்து வைத்து, "இது மூஞ்சி. நல்லா பாத்துக்க. ரெண்டு பேரு, ரெண்டு ரெண்டு கை" என்றார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தணிகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் இதுதான்: அன்றைக்கு நான் கத்தி போடாமல் இருந்திருக்க வேண்டும். வேண்டிக்கொண்ட பிறகு இதில் ஒரு சந்தேகம் வந்தது. போட்டிருந்தால் போட்டாகிவிட்டது. போடவில்லை என்றால் போடவில்லை. இதில் முருகன் செய்ய என்ன இருக்கிறது? சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் மனைவி கண்ணம்மா கேட்டாள்.

"இன்னாத்துக்கு இப்படிக் குந்திகினு இருக்கீங்க?"

"முடிஞ்சு போனதுக்கு வேண்டிக்கலாமா கண்ணம்மா?"

"உங்களுக்குத்தான முடிஞ்சுது. அவனுக்கு இன்னா முடிஞ்சுது? துன்னுட்டு எழுந்திருங்க, ரசம் ஆறுது."

அதைக் கேட்டபின் கொஞ்சம் தைரியமாக இருந்தது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் இதையேதான் வேண்டினேன். நடுவில் ஒரு நாள் நரசிம்மன் சார் காலேஜ் படத்துக்காக வந்தார். மறுபடியும் அனுமதி கேட்டு எழுதியிருப்பதாகவும் பதில் வரவில்லை என்றும் சொன்னார். என் ஒருவன் அவசரத்தால் ஒரு மனுஷர் ஒரு வருஷம் காத்திருக்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவேண்டும் என்பதையும் வேண்டுதலில் சேர்த்துக்கொண்டேன்.

7. இரண்டாவது பிளேட்

பங்குனியில் ஒரு நாள் காலை கடை திறந்த கையோடு சார் வந்தார். கவுண்டரில் நிற்கவில்லை. நேராக என் டெஸ்க்குக்கு வந்து ஒரு கவரை வைத்தார். அதன் மேல் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் "கை வைக்காதே" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பழைய பிளேட்டும் கூடவே இருந்தது.

"அனுமதி குடுத்துட்டா. அதே நாலு மணி நேரம். அதே சாமான். நான் இன்னும் சரியா ஒத்துப் பார்க்கலை. தைரியம் வரலை. நீரே பாரும்."

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வருஷம் பூராவும் யோசித்து வைத்திருந்தேன். டார்க் ரூமுக்குள் போனோம். முதலில் பழைய பிளேட்டை என்லார்ஜரில் போட்டு, கீழே பலகையில் வெள்ளைக் காகிதத்தை விரித்தேன். சாமான் உள்ளங்கை அளவுக்குப் பெரிசாக விழுந்தது. அதையும் சுற்றிலும் விழுந்த ஒவ்வொரு புள்ளியையும் காகிதத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் குறித்தேன். நாற்பத்து மூன்று புள்ளி. சார் கூடவே எண்ணினார். பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதுப் பிளேட்டைப் போட்டேன்.

முதலில் ஒன்றும் ஒத்துவரவில்லை. காகிதத்தைக் கொஞ்சம் திருப்பினேன். ஒரு நூல் மேலே நகர்த்தினேன். பெரிய நட்சத்திரம் ஒன்று அதன் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் எல்லாப் புள்ளியும் ஒன்றாக அவற்றின் வட்டத்துக்குள் விழுந்தன. நான் அந்த மொட்டை முனையைப் பார்க்காமல் மற்ற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்தான் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தார். அந்த முனைக்கு வந்ததும் அவர் விரல் நின்றது.

அந்த முனைக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி ஒவ்வொன்றும் தன் வட்டத்துக்குள் இருந்தது. வட்டம் இல்லாத புள்ளி ஒன்றுகூட இல்லை. புதுசில் இருக்கிறது எல்லாம் பழசிலும் இருந்தது. நான் சுரண்டவில்லை.

"நாப்பத்தி மூணு" என்றார் சார். "ஓய் தணிகாசலம், நாப்பத்தி மூணு! பழைய பிளேட்டு பழுதில்லை!"

இருட்டில் டிரே வைக்கிற மேடையைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று அழுதேன். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போனது. வெளியே இருந்து பாய், "உள்ளே இன்னா நடக்குது? யாராவது கீழ வுழுந்துட்டீங்களா?" என்று கதவைத் தட்டினார். "கதவைத் திறக்காதீங்க பாய், பேப்பர் போயிரும்" என்று அழுதுகொண்டே கத்தினேன். வெளிச்சம் பட்டால் கெடுகிற போட்டோ பேப்பர் டப்பாவைத் திறக்கவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கை? ஒன்றுதான். புதுப் பிளேட்டிலும் அந்த முனை மொட்டையாகத்தான் இருந்தது.

"இல்லவே இல்லை போலிருக்கு சார்" என்றேன், அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று.

"இல்லைன்னு ரெண்டு பிளேட்டு சொல்றது. இப்ப தைரியமா எழுதுவேன்" என்றார். ஒரு பிளேட்டைவிட இரண்டு பிளேட் பலமான சாட்சி என்றும், இந்த ஒரு வருஷம் வீணாகவில்லை என்றும் சொன்னார். என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது. அன்றே மூன்று காப்பி போட்டுக் கொடுத்தேன். என் பென்சிலும் கத்தியும் தொடாமல் என்லார்ஜருக்குப் போன முதல் நெகடிவ் அதுதான். அந்த ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு தணிகைக்குப் போய்க் காவடியைச் செலுத்திவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் கவருக்கு மேல் ஒரு வரி கூடியது. டச் பண்ணலாமா, வேண்டாமா என்று கஸ்டமரைக் கேட்டு எழுதிய பிறகுதான் பாய் பிளேட்டை உள்ளே அனுப்புவார். தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இது ஒன்றுதான். உங்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரிவது குறைதானா என்று, அதைக் கொண்டுவந்தவரைக் கேளுங்கள். கேட்டால் ஒரு நிமிஷம் போகும். கேட்காததால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் போனது. அதுவும் தெய்வம் துணை நின்றதால் ஒரு வருஷத்தோடு போனது.